அம்பில்லாமல் விட்ட வில்

எனக்கு யோசனைகள் எல்லாம் தப்பான இடத்தில்தான் தோன்றும். வில் வாங்கும் யோசனை வெள்ளிமலையில், ஒரு பலூன் கடை முன்னால் தோன்றியது. மூங்கில் வில்லால் சிவப்பு பலூனைக் குறிவைத்தேன். பக்கத்து மஞ்சள் பலூன் வெடித்தது. கடைக்காரர் கைதட்டினார். (அவர் எல்லாருக்கும் தட்டுவார் என்பதைக் கவனிக்க எனக்குப் பொறுமை இல்லை.) பஸ் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வருவதற்குள் நான் மாநில வீரன் ஆகியிருந்தேன்.

அடுத்த ஒரு மாதம் போனும் நானும்தான். காம்பவுண்ட் வில் சாதாரண வில் இல்லை. இரண்டு முனையிலும் சக்கரம், குறுக்கும் நெடுக்கும் கேபிள், பார்த்தால் பாதி சைக்கிள். எந்தக் கம்பெனி? சீன வில்லைப் புதுசாக வாங்குவதா, அமெரிக்க வில்லைப் பழசாக வாங்குவதா? "வேலைக்கு அப்ளிகேஷன் போட்டியா?" என்று அம்மா கேட்டால், "பழசுன்னாலும் அந்தக் கம்பெனி ஸ்ட்ராங்கும்மா" என்பேன். நூறு வீடியோ பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் முதல் இரண்டு நிமிஷம் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்கள். அதைத் தள்ளிவிடுவேன்.

கச்சிராயபாளையத்தில் சுமதி என்ற கல்லூரி மாணவி தன் அமெரிக்க வில்லை விற்பதாகத் தெரிந்தது. போன் பண்ணினேன். "ஞாயித்துக்கிழமை மாநில டீம் செலக்‌ஷன். அது முடிஞ்சதும் தரேன், வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். ஏழுமலை மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் தம்பி, சங்கராபுரத்தில் பைக் மெக்கானிக். பழைய சாமான் எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் அவர் பார்த்துச் சரி என்றால்தான் வாங்குவோம்.

சுமதி வில்லை மேசைமேல் வைத்தார். "தொடாதீங்க, அம்பு எடுத்துக்கினு வரேன்" என்று உள்ளே போனார்.

மாமா குனிந்து பார்த்தார். "இன்னா மாப்ள, செயினு ஸ்பிராக்கெட்டு மாதிரி கீது?"

"பழைய வண்டி வாங்குனா இன்னா மாமா பண்ணுவீங்க? நியூட்ரல்ல போட்டு முறுக்கிப் பாப்பீங்க இல்ல?"

"டேய், அந்தப் பொண்ணு தொடாதன்னுச்சுடா."

வில்லைக் கையில் எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நாணை இழுத்தேன். விட்டேன்.

அம்பு இருந்திருந்தால் அந்த வேகத்தை அது சுமந்துகொண்டு போயிருக்கும். இல்லாததால் மொத்தமும் வில்லிலேயே இறங்கியது. டயர் வெடித்த மாதிரி சத்தம். வில்லின் ஒரு கை விரிசல் விட்டது. கேபிள் கழன்று குடலாகத் தொங்கியது. (நான் தள்ளிவிட்ட இரண்டு நிமிஷத்தில் சொன்னது இதைத்தான்.) பயத்தில் வில்லை மாமா கையில் திணித்தேன்.

ஓடி வந்த சுமதி பார்த்தது, வில்லோடு நின்ற மாமாவை.

"யாருங்க இழுத்தது?"

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். "நான்தாம்மா. வண்டின்னு நெனச்சி முறுக்கிட்டேன்."

சுமதி திட்டவில்லை. கேபிளைச் சக்கரத்தில் மாட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. "ஞாயித்துக்கிழமைங்க செலக்‌ஷன்" என்று மட்டும் சொன்னார். யாரோ கொடுத்த, தன் கைநீளத்துக்கு ஒத்துவராத வில்லோடு போய், இடம் கிடைக்காமல் திரும்பினார். உடைந்த வில்லை மாமாவே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் தாழ்ப்பாள் கழன்றாலும், "ஏழுமல கையில குடுத்தீங்களா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். மாமாவும் சிரிக்கிறார். வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், அந்த ஜோக்கை அதிகம் சொன்னது நான்தான்.

போன வாரம் மாமா கடையில் ஒருவர் வண்டி விட வந்தார். "வில்ல ஒடச்சவரு நீங்கதானா?" என்று சிரித்துக்கொண்டே, சாவியை நீட்டின கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். மாமா அப்போதும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் போனதும், "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் மாமா" என்றேன்.

மாமா கையைத் துடைத்தபடி, "எனக்காக ஒண்ணும் வாணாம்டா. அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல சொல்லு" என்றார்.

சுமதி இப்போது வேறு வில்லில் பழகுகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் அவரைப் பார்க்கப் போகிறேன். மாமா கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.