பால்கனிக் கீரை

பால்கனியில் கீரை எல்லாம் தலை தொங்கிக் கிடந்ததைப் பார்த்ததும் சுப்ரமணியன் காலண்டரைப் பார்த்தார். நாளைக் காலை மனைவி ஷ்யாமளா புனேயிலிருந்து வந்துவிடுவாள். வந்ததும் வகுப்பு. மும்பை மாட்டுங்காவில் பாதிப் பெண்கள் மண்ணில்லாமல் கீரை வளர்க்க அவளிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அவள் கை பட்டால் எதுவும் துளிர்க்கும் என்று பில்டிங்கே சொல்லும். வகுப்புக்கு முந்தின நாள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு செடிகளோடு தனியாக இருப்பாள். அந்தப் பக்கம் போகக் கணவருக்கே அனுமதி கிடையாது.

இந்த வாரம்தான் அவரை நம்பி ஒப்படைத்திருந்தாள். குழாய்களுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மோட்டார் இரைச்சலில் மத்தியானத் தூக்கம் கெடுகிறதே என்று சுவிட்சை அணைத்தவர், திரும்பப் போட மறந்துபோனார். வேர் காய்ந்தது.

பதறிப்போய் உரக்கரைசலை இரண்டு பங்காக ஊற்றினார். இலை ஓரமெல்லாம் கருகியது. செடிகளை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மீன்தொட்டி மோட்டாரால் குமிழி விடும்படி வீடியோவில் ஒருவன் சொன்னான். செய்தார். மே மாத வெயிலில் வாளி வெந்நீராகி, வேர் அழுகி நாறியது. திரி வைத்தால் செடி தானே உறிஞ்சிக்கொள்ளும் என்றான் இன்னொருவன். அதற்கு நல்ல எட்டு முழ வேட்டி ஒன்று பலியானது. திரியில் தண்ணீர் ஜோராக ஏறியது. உறிஞ்சத்தான் செடிக்கு உயிர் இல்லை.

போன் அடித்தது.

"ஏன்னா, கீரை எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கு."

"ஒரு போட்டோ அனுப்புங்கோ."

சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இப்படிப் புளுகியதில்லை. அத்தனை பேர் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்கப்போவதை நினைத்தால் தாங்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினார். கீரை விற்கும் கோகிலவாணி தாராவியிலிருந்து வருகிற திருநெல்வேலிக்காரி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாலக் கீரை வேண்டும், வேர் அறுந்திருக்கக் கூடாது என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார். நாட்டு மருந்துக்கு என்று அவராகவே சேர்த்தும் கொண்டார்.

கோகிலவாணி குனிந்து, வண்டிக்கு அடியிலிருந்து ஈரத்துணி சுற்றிய ஒரு கட்டை எடுத்தாள். மண் போகக் கழுவிய வேர்கள் வெள்ளைவெளேரென்று நீண்டிருந்தன.

"வகுப்புக்கு முந்துன நாளு எப்பவும் அம்மாதான வருவாவ," என்றாள். "இந்த வாட்டி உங்கள அனுப்பிட்டாவளா சார்?"