புழு ஆஜராகவில்லை

எங்கள் தெருத் தையல்காரர் பச்சை மீன் தின்றதற்கு முழுமுதல் காரணம் அவருடைய மச்சான்தான். மச்சான் நாகரிகம் தெரிந்தவர். "வேகவெச்சா சத்தெல்லாம் செத்துடும் மாமா" என்று சொல்லி, மீனை அப்படியே பச்சையாகப் பரிமாறும் புதுக் கடைக்கு அழைத்துப் போனார். சொன்னபடியே சத்து சாகவில்லை. மீனுக்குள் இருந்த புழுவும் சாகவில்லை. வயிற்றில் இறங்கி, உடம்பெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தையல்காரரின் வலது கண்ணில் குடியேறியது.

கண் டாக்டரம்மா பார்த்தவுடன் சொல்லிவிட்டார். "எடுக்கறது சின்ன வேலைதான். ஆனா சீக்கிரம் எடுக்கணும், விட்டா பார்வை போயிடும். அபூர்வ நோய்ங்கறதால அபூர்வ நோய்க் குழு அனுமதி கொடுக்கணும்."

ஊசியில் நூல் கோக்கிற கண் அது. தையல்காரரின் மனைவி அவரைக் கையோடு இழுத்துப்போய்க் குழுவின் முன் நிறுத்தினார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "புழு எங்கே?" என்றார்.

"இப்ப உள்ளே போயிருக்குங்க. அப்பப்பதான் கண்ணுல தெரியும்."

"மேற்படி புழு குழுவின் முன் நேரில் தோன்றினால்தான் அனுமதி. விதி அப்படி."

"புழுவுக்கு விதி தெரியாதுங்களே."

"தெரியாதுன்னு சொல்றதெல்லாம் ஒரு சாக்காம்மா?"

புழு ஆஜராகவில்லை என்று ஒத்திவைத்தார்கள். அடுத்த முறை, குழு டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் புழு உலா வந்தது. மனைவி ஓடிப்போய்க் கூப்பிட்டார். "இடைவேளையில் தோன்றுவது செல்லாது" என்றார் தலைவர், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. அதற்கும் அடுத்த முறை, புழுவுக்கு முறைப்படி தகவல் கொடுக்கப்பட்டதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதானே? ஓர் எழுத்தர் குனிந்து, தையல்காரரின் வலது கண்ணைப் பார்த்து அறிவிப்பை உரக்க வாசித்தார்.

இதற்குள் தையல்காரர் காஜா எடுக்க வேண்டிய இடத்தில் பட்டன் தைக்க ஆரம்பித்திருந்தார். எங்களுக்குப் பொறுக்கவில்லை. தெருவே திரண்டு அலுவலகத்துக்குள் புகுந்து, "மனுஷன் கண்ணு போகுதுய்யா" என்று சத்தம் போட்டோம். அந்த அமளியில் தலைவர் எழுந்து நின்றார். புழுவும் என்ன கலாட்டா என்று எட்டிப் பார்த்தது. அனுமதி கிடைத்துவிட்டது.

டாக்டரம்மா அன்றைக்கே புழுவை எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கொடுத்தார். தலைவர் புட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பின்னாலேயே உறுப்பினர்கள், மச்சான், அப்புறம் தெருக்காரர்கள் நாங்கள் என்று ஒரே தள்ளுமுள்ளு.

இரண்டு கண்ணையும் சேர்த்துப் போட்ட கட்டோடு தையல்காரர் தடவித் தடவி வந்தார். "எனக்குப் பார்வை திரும்புமா? யாராவது டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்லுங்களேன்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்றோம். "புழுவை மறைக்கறீங்க."