புது லேப்டாப் ஆடிய தம்போலா

ஊரிகம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகன் சிரிலுக்கு எட்மண்ட் மாமா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தை லூயிசாவும் ஆண்டவர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்கள் எல்லோரும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் உன் அம்மா இந்நேரம் சொல்லியிருப்பாள். இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீ, "மாமா, ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே கடிதம்.

நீ ஈஸ்டருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் விஷயம்தான். உன் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஓய்வு பெற்றோர் மன்றத்தில் இத்தனை வருஷமாகத் தம்போலா நடத்திய பழைய கம்ப்யூட்டரைப் பார்த்து, "இது மியூசியத்துக்குப் போக வேண்டியது" என்றாயே, அதை மட்டும் மறுபடி யோசிக்கச் சொல்கிறேன். தங்கச் சுரங்கம் மூடியபோது, ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸ் மேஜை நாற்காலிகளோடு ஏலத்தில் வந்த பெட்டி அது. பட்டனை அழுத்தினால் கொஞ்சம் இருமிவிட்டு எழுந்திருக்கும். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நிற்கும். தானாக எதுவும் கேட்காது, நாம் சொல்கிறவரை நிற்கும். நானும் டைம் ஆபீஸில் என் அதிகாரிகளுக்கு முன்னால் அப்படித்தான் நின்றேன் என்பதால் எங்கள் இருவருக்கும் நடுவில் மனஸ்தாபம் வர வழியே இல்லை. அதற்கு என் பெயர் தெரியாது, வயது தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

உன் லேப்டாப் திறந்தவுடனே எனக்கு 'ஹாய்' சொன்னது. எழுபது தாண்டியவனிடம் சொல்கிற வார்த்தையா இது என்று நினைத்தேன், விட்டுவிட்டேன். பிறகு என் முகத்தைப் பார்த்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. நீ படம் பிடித்த அன்று பல்செட் போட்டிருந்தேன்; காலையில் பல்செட் இல்லாமல் போய் உட்கார்ந்தால் இவன் எட்மண்ட் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறது. லூயிசா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நானே டெய்லி கண்டுபிடிக்கிறேன், இதுக்கு இன்னா கஷ்டமாம்?" என்றாள். நான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கேட்டது, கொடுத்தேன். தெரிந்துகொண்டு, பெங்களூரில் மழை பெய்கிறது என்றது. இங்கே லூயிசா வற்றல் காயப் போட்டிருந்தாள். திரையைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்தாள். அன்று நாள் முழுக்க வெயில். பழையது தனக்குத் தெரியாததைப் பற்றி வாயே திறக்காது.

இதெல்லாம் நான் எழுதியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததால் எழுதுகிறேன்.

பெங்களூருக்குப் போய் ஆட்டத்தை நீ மறந்திருப்பாய். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண்கள். விசையைத் தட்டத் தட்டக் கம்ப்யூட்டர் குலுக்கி ஒவ்வொன்றாகக் காட்டும், லூயிசா மைக்கில் படிப்பாள், எல்லோரும் தங்கள் சீட்டில் அடிப்பார்கள், சீட்டில் உள்ளதை எல்லாம் முதலில் அடித்தவர் 'ஹவுஸ்' என்று சொல்ல வேண்டும். பழைய புரோகிராமைத்தான் நீ புதியதிலும் போட்டுக் கொடுத்தாய், அதே நீலத் திரை, அதே வெள்ளை எழுத்து. இந்த மாதப் பரிசு பெரிய பிரஷர் குக்கர். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நாராயணசாமி கொடுத்தது. கொடுத்துவிட்டு, அதைத் தானே ஜெயித்துத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிற எண்ணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆட்டத்திலேயே அவருக்குத் தொண்ணூறு ஒன்றுதான் பாக்கி. நான் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது லேப்டாப் யாரையும் கேட்காமல் அணைந்து, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது. நீலத் திரை, நடுவில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று ஓர் எண். உன் அத்தைக்கு ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பெரிய எண் தெரியும், சின்ன எழுத்து தெரியாது. சதவீதக் குறியை, சிரில் அழகுக்குப் பூ போட்டிருக்கிறான் என்று நினைத்தாளாம். விசையைத் தட்டாமலே எண் வருவதைப் பார்த்து மனசுக்குள் உன்னைப் பாராட்டிக்கொண்டே, "ஒண்ணு" என்றாள். அடுத்து "ரெண்டு". அடுத்து "மூணு". சபையில் லேசாகச் சலசலப்பு. விட்டுப்போன எண்களை மிஷின் வரிசையாகத் தீர்க்கிறது என்று யாரோ விளக்கம் கொடுக்க, மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். முன்பே வந்த எண்கள் திரும்ப வந்தபோது, காது கேட்காதவர்களுக்கு நல்ல வசதி என்றார்கள். முப்பதில் வந்து நின்றுவிட்டது. லூயிசா நேர்மையானவள், "முப்பது" என்றாள், கொஞ்சம் பொறுத்து, "இன்னும் முப்பதுதான்" என்றாள். பிறகு ஒரே தாவாகத் தாவி நாற்பதுகளுக்குப் போனது. நான் டீயிலேயே கவனமாக இருந்தேன்.

எண்பத்திரண்டில் பார்வதம்மா எழுந்து நின்றது.

நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள லைன் வீட்டில் தனியாக இருக்கிறதே, அந்தப் பார்வதம்மா. மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு மாதம் விடாமல் வரும், ஒரு சோப்பு டப்பாகூட ஜெயித்ததில்லை. 'ஹவுஸ்' என்று கத்தவும் அதற்கு வரவில்லை. சீட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டி, "எனக்குத்தான்னு தோணுது, யாராச்சும் பாருங்களேன்" என்றது. நாலு பேர் பார்த்து, ஆமாம் என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அது முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டது. கை தட்டுகிற சத்தத்தில் லூயிசாவுக்கு விஷயம் தெரியாமல் மேலே படித்துக்கொண்டே போனாள். "தொண்ணூறு" என்றதும் நாராயணசாமி எகிறிக் குதித்து, "ஹவுஸ்" என்றார்.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றாள் லூயிசா.

மன்றத்தில் அப்படியோர் அமைதியை நான் யாருடைய அஞ்சலிக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. கெட்டிலை வைத்துவிட்டு நான் போய்ச் சேருவதற்குள் தொண்ணூற்று நாலு ஆகியிருந்தது. கீழே சின்ன எழுத்தில், தயவு செய்து அணைக்க வேண்டாம் என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தது. சபைக்கு உள்ளதைச் சொன்னேன். நாராயணசாமி, ஆட்டமே செல்லாது, முதலிலிருந்து ஆடலாம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பார்வதம்மா சீட்டை மேஜைமேல் கொண்டுவந்து வைத்தது.

"பரவால்லண்ணா. மிஷின் தப்புன்னா தப்புதான். எனக்காக எல்லாரும் கை தட்டினாங்க இல்ல, அது போதும்."

நான் அந்த மிஷினைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. எனக்கு அதன்மேல் கோபம் வந்தது, சிரில். பழையது யாருக்கும் இப்படிக் கொடுத்துப் பிடுங்கியதில்லை. மைக்கை வாங்கி, நம் மன்றத்து விதிப்படி அழைக்கிறவர் வாயில் வருவதுதான் எண், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கிடையாது, ஆகவே குக்கர் பார்வதம்மாவுக்கு என்று அறிவித்தேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நாராயணசாமி விடவில்லை.

"அப்போ தொண்ணூத்தி ஒண்ணும் செல்லுமா?"

"செல்லும். யார் சீட்டுல கீதோ அவங்க சொல்லட்டும்" என்றேன்.

யார் சீட்டிலும் இல்லை. நாராயணசாமி தன் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, இத்தனை கனத்தை அந்த அம்மா எப்படித் தூக்கிக்கொண்டு போகும் என்று முணுமுணுத்தபடி குக்கரைத் தன் ஸ்கூட்டரில் வைத்து, பார்வதம்மா வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டு, விசில் எப்படிப் போடுவது என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

ஆகவே வருகிற ஞாயிறு வந்து உன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போ. பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து மேஜையில் ஏற்றிவிட்டேன். புத்திசாலித்தனத்தை நம்மிடம் விட்டுவிட்டுச் சொன்னதை மட்டும் செய்கிற மிஷின் போதும் எங்களுக்கு.

ஆண்டவர் உன் வேலையையும் உன் முதுகுவலியையும் ஒருசேரக் கவனித்துக்கொள்வாராக. அம்மாவுக்கு எங்கள் விசாரிப்பைச் சொல். லூயிசா முத்தம் அனுப்புகிறாள்.

உன் மாமா,
எட்மண்ட்

பின்குறிப்பு: கவரை ஒட்டுகிற நேரத்தில் நாராயணசாமி வந்தார், பின்னாலேயே மன்றத்துக்காரர்களும். இந்த மாதிரி ஓர் ஆட்டத்தை ஆயுசில் ஆடியதில்லையாம். செய்தி பரவி, பக்கத்து மாரிகுப்பத்திலிருந்தும் ஆட்கள் சீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். அடுத்த அப்டேட் எப்போது வரும் என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொல்கிறார்கள். அதற்குத் தகுந்தபடி தேதி வைக்க வேண்டும். தானாக வராவிட்டால் எப்படி வரவழைப்பது என்பதையும் லூயிசாவுக்குச் சொல்லிக் கொடு. ஞாயிறு வரும்போது டிக்கியைக் காலியாக வைத்துக்கொண்டு வா. பழையதை நீ எடுத்துக்கொண்டு போய்விடலாம்.