வாஷிங் மெஷினை ஊதித் தள்ளிய கதை

சிகரெட்டை விடுவது சுலபம். சிகரெட் பிடிக்கப் போகிற இடத்தை விடுவதுதான் கஷ்டம். (இந்த ஞானம் எனக்கு ஒரு வாஷிங் மெஷின் விலைக்குக் கிடைத்தது.)

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஏழுமலைக்கும் அங்கேதான், ஆனால் வேறு லைன். நாங்கள் சந்திப்பது கேட்டுக்கு வெளியே டீக்கடையில், நாலரை மணிக்கு, ஆளுக்கொரு சிகரெட்டுடன். அவன் தன் மாமியார் கதை ஒன்றை ஆரம்பிப்பான். சிகரெட் தீர்ந்ததும் பாதியில் நிறுத்துவான். மறுநாள் விட்ட இடத்தில் தொடர்வான்.

அப்போதுதான் கம்பெனி ஒரு திட்டம் போட்டது. மூன்று மாதம் புகைப்பதை விட்டால் பணம். திங்கட்கிழமைதோறும் பஞ்சை வாயில் அதக்கி எச்சில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். ஜோடியாகத்தான் சேர வேண்டும். ஒருத்தன் ஊதினாலும் இருவருக்கும் பட்டை நாமம். நானும் ஏழுமலையும் சேர்ந்தோம். டீக்கடைப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று எச்.ஆர். மேடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். என் கிரீஸ் யூனிஃபாரத்தைக் கையால் துவைத்து நொந்துபோன என் மனைவி தேவி, அன்றே வாஷிங் மெஷினின் நிறத்தை முடிவு செய்துவிட்டாள்.

வாராவாரம் தேறினேன். ஆனால் நாலரை ஆனால் கால் தானாக கேட்டுப் பக்கம் திரும்பும். சிகரெட் ஏக்கம் என்றுதான் நினைத்தேன், மடையன்.

கடைசிச் சோதனைக்கு முந்தைய ஞாயிறு, தெரிந்தவர் கண்ணில் படாமல் ஒன்றே ஒன்று பிடித்துவிட்டு வரலாம் என்று மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன். சட்டைப்பையில் ஒற்றைச் சிகரெட்டோடு மீன்படகுகளுக்குப் பின்னால் ஒதுங்கினால், அங்கே ஏழுமலை!

“இன்னா மச்சான், இங்க இன்னா பண்ற?”

“காத்து வாங்க வந்தேன்டா. நீ?”

“சும்மா குந்திகினு கீறேன். நாலர ஆனா வூட்ல இருக்க முடில, பேஜாரா கீது.” கையில் ஒரு தீப்பெட்டி. “இத்த குலுக்கிகினு இருந்தா ஆச அடங்கிடுது. சிகரெட்லாம் இல்ல மச்சான், அம்மா மேல சத்தியமா.”

நான் சிகரெட்டை எடுத்து நீட்டினேன். கடல்காற்று குச்சி குச்சியாக அணைத்துப் பார்த்தது, நாங்கள் விடவில்லை. ஒன்றையே மாற்றி மாற்றி இழுத்தோம். மாமியார் கதையின் மீதியை அன்றுதான் கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் பஞ்சு எங்கள் இருவரையும் காட்டிக்கொடுத்தது. வீட்டில் தேவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“யாரு பத்த வச்சது?”

“ஏழுமலைதான். தீப்பெட்டி அவனோடது.” (நண்பனைக் காட்டிக்கொடுப்பதில் பஞ்சைவிட நான் வேகம்.)

அன்று முதல் எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்குப் பெயர் ஏழுமலை. அடுப்புக்கு ஏழுமலை, சாமி விளக்குக்கு ஏழுமலை. “கடைக்குப் போனா ரெண்டு ஏழுமலை வாங்கிட்டு வாங்க” என்பாள். அவன் சாப்பிட வந்தபோது அவன் எதிரிலேயே சொன்னாள். சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

இப்போது அவனுக்கு ஓசூரில் வேலை. நான் சிகரெட்டை விட்டுப் பல வருஷமாகிறது, யாரும் காசு கொடுக்காமலே. யூனிஃபாரத்தை நானே துவைக்கிறேன். ஆனாலும் கரண்ட் போகிற சாயங்காலங்களில், “ஏங்க, ஏழுமலை எங்க?” என்று தேவி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். கை அலமாரியைத் துழாவும். கண் மட்டும் ஒருமுறை வாசலுக்குப் போய்விட்டு வரும்.