ஐநூறு ரூபாய் மொய்க்கு ஆன செலவு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்ரா அக்காவுக்கு,

எங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள் இப்படி எழுதுவது அழகில்லைதான். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம்.

நீ சொன்னபடிதான் செய்தேன். நான் வேலையை விட்டால் இவர் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடக்குமா என்று பார்க்க, ஒரு மாதச் செலவை ஒன்று விடாமல் எழுது என்றாய். நடக்கும் என்று கணக்கு சொன்னால் மறுநாளே ராஜினாமா என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் தாளாளரை இன்னொரு வருடம் சகிக்க என்னால் ஆகாது. வாட்ஸப்பில் எனக்கும் இவருக்கும் மட்டுமாக ஒரு குழு தொடங்கினேன். செலவழித்த கையோடு அதில் எழுத வேண்டும். நான் கீரைக்கட்டு வரை எழுதினேன். இவர் தினமும் 'சில்லறை' என்று மட்டும் எழுதினார். பத்து நாளில் கூட்டினால் நாலாயிரத்துச் சொச்சம். "சில்லறைன்னா என்னது?" என்றேன். "சில்லறைன்னா சில்லறைதான். டீ குடிச்சதுக்கெல்லாம் ரசீதா வாங்குவாங்க?" என்றார். "நாலாயிரத்துக்கா டீ குடிச்சீங்க?" "நான் மட்டும் தனியாவா குடிச்சேன்?"

இனியாவது விவரமாக எழுதுங்கள் என்று கெஞ்சினேன். மறுநாள் விவரமாகவே எழுதினார்: 'மொய் - கோமு அக்கா மகள் கல்யாணம் 500. பேங்க் மேனேஜர் மகன் கல்யாணம் 2000.' ஆனால் எழுதியது எங்கள் குழுவில் இல்லை. இவர் சொந்தக்காரர்கள் அறுபது பேர் இருக்கிற குழுவில். அதை அழிக்க இவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அம்பாசமுத்திரத்திலிருந்து இவருடைய பெரியப்பா மகள் கோமு மதினியே எனக்குப் போன் செய்துவிட்டார்கள். "ஏட்டி விஜயா, என் தம்பி அந்த மேனேஜரு மவனுக்குத் தாய்மாமனா இருக்கான், எங்களுக்குத் தெரியாமலே போச்சே!" நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இல்ல மதினி, எங்க புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நீங்க எழுதுனதும் ஐநூறுதான், அதான்…" என்றேன். "ஓகோ, கணக்குப் பாத்துதான் எழுதுதியளா? நல்லாருங்க" என்று வைத்துவிட்டார்கள்.

சமாதானம் பேசப் பஸ்ஸில் போனால் அதுவும் ஒரு குறையாகிவிடும் என்று இவர் கார் பிடித்தார். கார் 2,800. பழம், பூ, இனிப்பு 1,150. கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளிக் குங்குமச்சிமிழ் 6,000. மதினி முகம் கொடுத்துப் பேசவில்லை; சாப்பிடாமல் விடவும் இல்லை. கிளம்பும்போது, "வெறுங்கையா அனுப்புனா எனக்குல்லா கேவலம்" என்று ஒரு சேலையை என் கையில் திணித்தார்கள். விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை. 3,400. இதை வரவில் எழுதுவதா, கடனில் எழுதுவதா? வீடு வந்து சேருவதற்குள் தச்சநல்லூர் சித்தப்பா இவரைக் கூப்பிட்டு, "ஏலே, என் மவன் கல்யாணத்துக்கும் ஐநூறுதான எழுதுன?" என்று கேட்டார். அந்தக் குழுவில் இன்னும் ஐம்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள், அக்கா.

நேற்று மாதக் கணக்கை முடித்தேன். இரண்டு சம்பளமும் போதவில்லை. துண்டு விழுந்ததில் பெரும்பகுதி, கணக்கு எழுதியதால் வந்த செலவு. ஆகவே ராஜினாமா எண்ணத்தைக் கைவிட்டேன். ஓய்வு வயது வரை எனக்கு அந்தக் கல்லூரிதான், அந்தத் தாளாளர்தான். இதைப் பற்றி இனி என்னிடம் பேசாதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்கள் கல்யாணத்துக்கு எங்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று இப்போதே சொல்லிவிடு.

உன் தங்கை
விஜயஸ்ரீ

பி.கு.: கடிதத்தை நேற்று தபாலில் சேர்க்க முடியவில்லை. இன்று காலை ஆசிரியர் அறையில் அலுவலகத்து டார்லின் வந்து நின்றாள். தாளாளர் பேத்திக்குக் காதுகுத்து, ஆளுக்கு மூவாயிரம். "எல்லாரும் குடுத்தாச்சு மேடம்." தர முடியாது என்றேன். "அப்ப உங்க பேருக்கு நேரா என்ன மேடம் எழுதட்டும்?" "வேலையில இல்லைன்னு எழுது" என்றேன். சிரித்தாள். அவளிடமே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி மூன்று வரி எழுதி, மத்தியானம் முதல்வரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "காதுகுத்துக்காவது வருவீங்கல்லா?" என்றார். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.