மெமரி கார்டுக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூசையன்று சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அரிவாள்மணை, மிக்சி, மகனுடைய ஸ்கூட்டர் என்று சுவர்க் கடிகாரம் வரைக்கும் போய்விடுவேன். அந்த வருடம் மருமகள் கலாவின் புதுக் கேமராவும் சாமி முன்னால் இருந்தது. பக்கத்தில் தபால் தலை அளவுக்கு ஒரு கறுப்புச் சில்லு. (என்னவென்று தெரியாது. சாமி முன்னால் இருந்தால் அதுவும் ஆயுதம்தானே!) அதற்கும் ஓரத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் குரும்பகரத்தில் ஒரு காதுகுத்து. வெளியார் வீட்டில் கலா படம் எடுக்கப் போகிற முதல் விசேஷம். பூசையன்று சாயங்காலமே அவள் பொட்டைத் துடைத்துவிட்டு, கார்டில் இருந்த பழைய படங்களை லேப்டாப்பில் ஏற்றினாள். ஏறின. கார்டைக் காலி செய்யப் பார்த்தாள்.

"ஃபார்மெட் ஆவ மாட்டேங்குதுங்க."

என் மகன் ஊதினான். சட்டையில் துடைத்தான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். "வைரஸா இருக்கும்" என்றான். (அவனுக்குப் புரியாததெல்லாம் வைரஸ்.) பூசை நாள், காரைக்காலில் ஒரு கடையும் திறந்திருக்காது.

விருந்துக்கு வந்திருந்த கலாவின் அப்பா, "என்ன மாப்ள, இன்னும் ஊதிக்கிட்டே இருக்கீங்க?" என்றார்.

"விடுங்கப்பா. வரலன்னு அவங்களுக்குப் போன் பண்ணிடுறேன்." கலா போனைத் தேடி எடுத்தாள்.

நான் காப்பித் தம்ளரோடு கதவோரம் நின்றிருந்தேன். கார்டின் ஓரப் பள்ளத்தில் மஞ்சளாக என்னமோ தெரிந்தது. ஐயையோ, என் சந்தனம்! ஆனால் சம்பந்தி இருக்கிற கூடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. (கல்யாணத்தன்று "வாங்க" என்றதுகூடத் தலையாட்டல்தான்.) கனைத்துப் பார்த்தேன்.

"இருமலாம்மா? வெந்நி குடி" என்றான் மகன்.

கலா போனைக் காதில் வைத்தாள்.

"அதுல சந்தனம் இருக்கு!"

தெருவுக்கே கேட்டிருக்கும். சம்பந்தி எழுந்தே நின்றுவிட்டார்.

"சந்தனமா அத்தை?"

"நாந்தாம்மா வச்சேன்." வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றி, பள்ளத்தைச் சுரண்டினேன். உள்ளே ஒரு குட்டித் தாழ்ப்பாள். அது இறங்கிவிட்டால் கார்டில் எதையும் அழிக்க முடியாதாம். நான் அழுத்தின அழுத்தில் இறங்கி, சந்தனத்தோடு காய்ந்து கிடந்தது. கலா நகத்தால் மேலே தள்ளிப் போட்டாள். நொடியில் காலியானது.

"அட, சம்பந்தியம்மாவுக்குப் பேச வருமா!" என்றார் அவர்.

நான் அடுக்களைக்கு ஓடினேன். கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, கலா கேமராவைத் தூக்கி என்னையே எடுத்துவிட்டாள்.

கலா கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்தபோது அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி வாசலில் மாட்டினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கையில் ஊக்கோடு ஓடுகிற கிழவி. யாரென்று கேட்கிறவர்களிடம் சொல்வாள்:

"எங்க அத்தைங்க. கார்டு ரிப்பேருன்னா இவங்கள்ட்டதான் கேக்கணும். எங்கப்பாவப் பக்கத்துல உக்கார வச்சுட்டுக் கேளுங்க, கத்தியே சொல்லுவாங்க."