அரண்மனை வாசலில் புகைந்த சட்டைப்பை

எந்தக் கோயிலுக்குப் போனாலும் அம்மாவுக்கென்று திருநீற்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். (பாதி நேரம் அது சட்டையோடு துவைக்கப் போய்விடும்.) இந்தப் பழக்கத்தால் என் கல்யாணமே நின்றிருக்கும்.

கவிதாவைப் பெண் கேட்டுத் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போயிருந்தேன். அவள் அப்பா போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். சிரிக்கவே மாட்டார். "ஊரச் சுத்திப் பாப்போம் தம்பி. சாய்ங்காலம் முடிவு சொல்றேன்" என்று காரில் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் கவிதா.

முதலில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புத்தர் கோயில். பக்திமான் என்று காட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு! ஊதுபத்திகள் செருகியிருந்த பெரிய சட்டியில் கைவிட்டுச் சாம்பலை நெற்றி நிறையப் பூசினேன். அம்மாவின் பங்கைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தேன். (அணையாத ஊதுபத்தி நுனி ஒன்றும் கூடவே வந்தது எனக்கெப்படித் தெரியும்?)

அடுத்து மலேசிய மன்னரின் அரண்மனை. போகும் வழியில் கருகல் வாடை. அவர் காரை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து பார்த்தார். "இன்ஜின் ஓகே லா."

"பிரேக்கா இருக்கும் அங்கிள்" என்றேன். முப்பது வருட லோரிக்காரரிடம்! அவர் பார்த்த பார்வையில் பாதிக் கல்யாணம் போயிற்று.

அரண்மனை வாசலில் குதிரைமேல் காவலர். பக்கத்தில் எங்கள் இருவரையும் நிறுத்திக் கவிதா படமெடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நெஞ்சு சுட்டது. பையிலிருந்து புகை. "ஐயோ!" என்று குதித்தேன். அவர் தீயை அணைக்க என் நெஞ்சில் படார் படாரென்று அறைந்தார்.

ஒரு சீனப் பெண்மணி, அடிக்க வேண்டாமென்று மலாயில் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்கப்பா! ஏம்ப்பா அடிக்கிறீங்க?" என்று கவிதா அழுதாள்.

காவலர் அசையவில்லை. குதிரை மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது.

ஓட்டைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் வேண்டாம், உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. அழுகையே வந்துவிட்டது.

"பைல என்னா?"

"அம்மாவுக்குத் திருநீறு, அங்கிள்."

அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் நெஞ்சில் ஊற்றினார். பிறகு, "அடுத்த மாசம் அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவங்களே நேர்ல பூசிக்கட்டும்" என்றார்.

ஆறு வருடமாயிற்று. இன்றும் நான் கோயிலிலிருந்து வந்தால் மாமனார் முதலில் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய படம்: அரண்மனை, குதிரை, என்னை அறையும் அவர். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மாப்பிள்ளையோட நிச்சயதார்த்த போட்டோ" என்று காட்டுகிறார்.